சிறுவன் ஈட்டிய செல்வம்



பாடசாலை அதிபர் ஒருவருக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. பரிசளிப்பு விழா நெருங்கும் நாட்களில் பெற்றோர் சிலர் அலுவலகத்துக்கு வந்து, "ஐயா, எங்கள் பிள்ளைக்கும் நாடகத்தில் ஒரு பங்கு கொடுங்கள்" என்று கேட்பார்கள். இந்த ஆசையிற் குற்றமில்லை. தம் பிள்ளையைப் பலர் பாராட்டக் கேட்க விரும்பாத தாய் யார்? தந்தை யார்? ஆயினும், பிள்ளை மேடையேறுவது பிள்ளைக்காகவா, பெற்றோருக்காகவா என்ற ஐயம் சில வேளைகளில் என் மனத்தில் எழுவதுண்டு. பாடசாலை மேடையில் இந்த ஐயத்தால் பெரிய நட்டம் எதுவும் விளைவதில்லை. கைதட்டலோடு பணமும் வந்து சேரும் மேடையாயின் நிலைமை வேறு. அத்தகைய மேடையொன்றில் நாலு வயதில் ஏறி, ஏழு வயதுக்குள் உலகப் புகழ் பெற்று, இருபத்தொரு வயதிற் கையில் ஒன்றுமில்லாது நின்ற ஒருவரின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற எண்ணுகிறேன். அவர் பெயர் ஜாக்கி கூகன்.

ஜாக்கி கூகன் 1914ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தை நடனமும் நகைச்சுவையும் கலந்த பல்சுவை மேடைகளில் ஆடிப் பிழைத்தவர். தாயும் மேடையோடு தொடர்புடையவரே. ஆகவே பிள்ளைக்குத் தொட்டிலும் மேடையும் அருகருகே அமைந்துவிட்டன. கைக்குழந்தையாக இருந்தபோதே, 1917இல், ஒரு படத்தில் அவர் முகம் காட்டப்பட்டது. பின்னர் லொஸ் ஏஞ்செல்ஸ் ஓர்பியம் அரங்கில் தந்தை ஆடும்போது மகனும் மேடைக்கு வந்து, அந்நாளிற் பரவியிருந்த ஒரு நடனத்தை ஆடிக் காட்டிச் சபையோரைச் சிரிக்க வைப்பது வழக்கமாயிற்று.

1919ஆம் ஆண்டில் ஒருநாள் அந்தச் சபையில் அமர்ந்திருந்தவர் சார்ளி சாப்ளின். அவ்வாண்டு அவருக்கு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. ஜூலை மாதத்தில் அவருக்குப் பிறந்த முதற் குழந்தை மூன்று நாட்களில் இறந்துவிட்டது. இல்லறமும் முறிந்துகொண்டிருந்தது. புதிய கதை எதுவும் மனத்தில் உருவாகவில்லை. இந்நிலையில் மேடையில் ஆடிய நாலு வயதுச் சிறுவனின் துடிப்பும் கண்களின் குறும்பும் அவரைக் கவர்ந்தன. சில நாட்களின் பின் கூகன் என்பவரை வேறொரு நகைச்சுவை நடிகர் ஒப்பந்தம் செய்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் சாப்ளின் மனமுடைந்து போனாராம். விசாரித்தபோதுதான் ஒப்பந்தமானவர் தந்தையே, மகன் அல்லன் என்பது தெரிந்தது. உடனே ஜாக்கியைத் தம் நிறுவனத்திற் சேர்த்துக்கொண்டார். முதலில் ஒரு சிறு படத்திற் சிறுவனுக்கு ஒரு சிறிய பங்கு கிடைத்தது. அதன் பின்னரே 'த கிட்', அதாவது 'சிறுவன்', என்ற பெரும்படம் உருவாயிற்று.

அந்தக் கதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். மணமாகாத ஏழைத் தாயொருத்தி தன் குழந்தையைச் செல்வர் ஒருவரின் மோட்டார் வண்டியில் வைத்துவிட்டுச் செல்கிறாள். வண்டியைத் திருடியவர்கள் குழந்தையை ஒரு சந்தில் விட்டுப் போகிறார்கள். கந்தல் உடுத்த நாடோடியாகிய சாப்ளின் குழந்தையைக் கண்டெடுத்து, முதலில் யாரிடமாவது தள்ளிவிட முயன்று, முடியாமற்போகவே தம் குடிசைக்குக் கொண்டுபோய் வளர்க்கிறார். ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. சிறுவன் கல்லெறிந்து வீட்டு யன்னற் கண்ணாடிகளை உடைப்பான். சற்று நேரத்தில் வளர்ப்புத் தந்தை முதுகிற் கண்ணாடியைச் சுமந்துகொண்டு, புதிய கண்ணாடி போடலாமோ என்று அதே வீதியால் வருவார். இது அவர்களுடைய பிழைப்பு. பின்னர் சிறுவன் நோயுறுகிறான். அநாதை விடுதி அதிகாரிகள் வந்து அவனைப் பறித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டியில் நின்றபடி இரு கைகளையும் நீட்டிக் கதறும் அச்சிறுவனின் முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். படத்திற் பேச்சு இல்லை. ஆனால் அழுகை நம் காதில் விழுகிறது. நாடோடி கூரைகளின் மேலாக ஓடி, வண்டியிற் குதித்து, பிள்ளையை மீட்டு அணைத்துக்கொள்கிறார்.

இக்காட்சி வெறுங் கற்பனையன்று. சாப்ளின் தாமே ஏழு வயதில், 1896இல், இலண்டனின் இலம்பெத் பகுதி ஏழைகள் விடுதிக்குத் தாயுடனும் தமையனுடனும் சென்றவர். அங்கே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர். தம் பிள்ளைப்பருவத்துத் துயரையே ஜாக்கியின் முகத்தில் எழுதிக் காட்டினார் எனலாம்.

அந்த அழுகையைப் பற்றி சாப்ளின் தம் சுயசரிதையில் ஒரு செய்தி கூறுகிறார். காட்சியைப் படம் பிடிக்கும் நாளன்று சிறுவன் விளையாட்டு மனநிலையில் இருந்தான், அழுகை வரவில்லை. தந்தை அவனைத் தனியே அழைத்துப்போய், நீ அழாவிட்டால் உண்மையாகவே உன்னை ஏழைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று அச்சுறுத்தினார். பிள்ளை அலறியழுதது, காட்சியும் சிறப்பாக அமைந்தது. முடிந்தபின் சாப்ளின் அவனைத் தூக்கி, உன்னை ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்றினார். அதற்குச் சிறுவன், அது எனக்குத் தெரியும், அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று அவர் காதில் மெல்லச் சொன்னானாம். பெற்றோர் தனக்குத் தீங்கு செய்யார் என்ற அந்த நம்பிக்கையை, நேயர்களே, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'த கிட்' 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றான். ஆண்டுக்கு இரண்டு மூன்றாகப் படங்கள் வரத் தொடங்கின. 1922இல் டிக்கின்ஸின் 'ஒலிவர் டுவிஸ்ட்' படமாக்கப்பட்டபோது ஒலிவராக நடித்தவன் ஜாக்கியே. அவன் அணிந்த கந்தல் உடையும் பக்கவாட்டிற் சாய்ந்த தொப்பியும் நாகரிகமாயின. அவன் பெயரிற் பொம்மைகளும், ஊதுகுழல்களும், எழுதுபொருட்களும், நிலக்கடலைக் களியும் விற்பனைக்கு வந்தன. 1923இல் மெற்றோ நிறுவனம் அவனைத் தன்பாற் சேர்த்துக்கொள்வதற்காகக் கொடுத்த முன்கொடை மட்டும் 5 இலட்சம் டொலர். ஒன்பது வயது நிரம்பாத பிள்ளை அமெரிக்காவின் மிகப் பெரிய ஊதியம் பெறும் நடிகர்களுள் ஒருவனாயினான்.

புகழைத் தன்னலத்துக்காக மட்டுமன்றிப் பயன்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் இவ்விடத்திற் சொல்லுதல் வேண்டும். முதலாம் உலகப்போரின் பின் ஆர்மேனிய, கிரேக்க மக்களில் எண்ணற்ற குழந்தைகள் தாய் தந்தையரை இழந்து அலைந்தனர். அவர்களுக்காக உணவும் உடையும் திரட்டும் பணியில் 1924ஆம் ஆண்டு ஜாக்கி ஈடுபட்டான். அமெரிக்க நகரங்களிலும் பின்னர் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் செய்தான். 10 இலட்சம் டொலருக்கு மேற் பெறுமதியான பொருட்கள் சேர்ந்தன. கிரேக்க நாட்டில் அவன் சிறப்பிக்கப்பட்டான். உரோமையிற் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவனுக்குப் பேட்டியளித்தார். திரையில் அநாதையாக நடித்த சிறுவன் மெய்யான அநாதைகளுக்கு உணவு தேடிக் கொடுத்தான்.

ஆயினும் காலம் ஒருவருக்காகவும் காத்திருப்பதில்லை. பிள்ளை நடிகனுக்கு வளர்ச்சியே பகை. மற்றத் தொழில்களில் ஆண்டு ஏற ஏற மதிப்பு ஏறும். இத்தொழிலில் ஒவ்வோர் அங்குல வளர்த்தியும் வருவாயைக் குறைக்கும். 1927இல் அவனுடைய புகழ்பெற்ற நீண்ட முடி வெட்டப்பட்டபோது அதனையும் வீணாக்காமல் ஒரு படமாக எடுத்தார்கள். ஒரு பிள்ளையின் முடி வெட்டுங்கூட வியாபாரமாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். 1930இல் 'டொம் சோயர்' பேசும்படத்தில் நடித்தபோது ஜாக்கிக்கு வயது பதினைந்து. அதன்பின் வாய்ப்புகள் அருகின. பத்து வயதுவரை வீட்டில் ஆசிரியர் வைத்துக் கற்பிக்கப்பட்ட அவர், பின்னரே பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றார். படிப்பில் ஊன்ற முடியவில்லை. பாட்டும் பாடமும் விளையாட்டுமாய்க் கழிய வேண்டிய ஆண்டுகள் விளக்கொளியில் கழிந்துவிட்டால் அவற்றை மீட்டுத் தர எந்தக் கல்லூரியாலும் இயலாது.

எனினும் ஜாக்கிக்குக் கவலை இருக்கவில்லை. தாம் உழைத்த செல்வம் பத்திரமாக இருக்கிறது, இருபத்தொரு வயது நிரம்பியதும் கைக்கு வரும் என்று அவர் நம்பியிருந்தார். அவர் ஈட்டியது 30 இலட்சத்துக்கும் 40 இலட்சத்துக்கும் இடைப்பட்ட டொலர் எனக் கணிக்கப்பட்டது.

1935ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி தந்தையும் மகனும் நண்பர்களும் மெக்சிக்கோவில் வேட்டையாடிவிட்டுக் காரிற் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவின் தென்பகுதி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது. வண்டியில் இருந்த ஐவருள் நால்வர் இறந்தனர். தந்தையும், ஜாக்கியின் உற்ற நண்பரான இளம் நடிகர் ஜூனியர் டேர்கினும் அவர்களுள் அடங்குவர். உயிர் தப்பியவர் ஜாக்கி ஒருவரே. இருபத்தோராவது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு மாதங்கூட இருக்கவில்லை.

பிறந்தநாள் வந்தது, பணம் வரவில்லை. தாய் பின்னர் குடும்பத்தின் பண விவகாரங்களைக் கவனித்துவந்த ஆர்தர் பேர்ன்ஸ்டைன் என்பவரை மணந்துகொண்டார். செல்வம் உரோம ஆடைகளிலும் வைரங்களிலும் விலையுயர்ந்த கார்களிலும் கரைந்துகொண்டிருந்தது. கேட்டுப் பார்த்துக் களைத்த மகன் 1938ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தாய்க்கும் சிற்றப்பனுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தார். உலகம் அறிந்த பிள்ளை பெற்ற தாயை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற காட்சியைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

தாயின் தரப்பு யாது கூறியது? ஜாக்கிக்குப் பணம் தருவதாக எவரும் எக்காலத்தும் வாக்களிக்கவில்லை. சட்டப்படி, வயது வராத பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே உரியது என்றது. நேயர்களே, அந்த வாதம் பொய்யன்று. அக்காலக் கலிபோர்னியச் சட்டம் அவ்வாறே இருந்தது. அந்தச் சட்டம் பிறந்த காலத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வயலிற் தந்தையோடு கலப்பை பிடிக்கும் மகன், கடையிற் துணைநிற்கும் மகன், இவர்களுடைய உழைப்புக் குடும்பத்தின் பொதுச் சொத்தாக இருந்தது. அந்த உழைப்பால் வந்த சோற்றை எல்லோரும் ஒன்றாக இருந்து உண்டார்கள். ஒரு சிறுவன் ஒரு குடும்பத்தையும் ஒரு நிறுவனத்தையும் ஒருங்கே தாங்கிப் பல இலட்சம் ஈட்டுவான் என்று அச்சட்டத்தை எழுதியோர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். வீட்டுக்கு நெல் கொண்டுவரும் பிள்ளைக்காக எழுதிய சட்டம், பொன் முட்டையிடும் பிள்ளைக்குப் பொருந்தவில்லை.

வழக்கு முடிந்தபோது எஞ்சியிருந்த சொத்து ஏறக்குறைய 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். வழக்குச் செலவுகள் போக ஜாக்கியின் கைக்கு வந்தது 1 இலட்சத்து 26 ஆயிரம் மட்டுமே. இந்தக் கெட்ட காலத்தில் அவருக்குப் பண உதவி செய்தோருள் சாப்ளினும் ஒருவர். திரையில் வளர்த்த தந்தை திரைக்கு வெளியேயும் கைகொடுத்தார்.

ஆனால் அந்த வழக்கு வீண்போகவில்லை. ஒரு பிள்ளைக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு மக்கள் கொதித்தனர். 1939இற் கலிபோர்னியச் சட்டசபை பிள்ளை நடிகர்களைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. இன்றும் அதனை 'கூகன் சட்டம்' என்றே அழைக்கிறார்கள். பிள்ளையின் ஒப்பந்தம் நீதிமன்றத்தின் அனுமதிக்கு வரும்போது, நிகர வருவாயிற் பாதி வரைக்கும் நம்பிக்கைப் பொறுப்பிலோ சேமிப்பிலோ ஒதுக்கிவைக்குமாறு நீதிபதி கட்டளையிடலாம் என்பது அதன் சாரம்.

நல்ல சட்டந்தான்; ஆயின் வேலியில் இடைவெளி இருந்தது. நீதிமன்றத்துக்கு வராத ஒப்பந்தங்களை அது தொடவில்லை. கட்டளையிட்ட பணம் உண்மையில் வைப்பிலிடப்படுகிறதா என்று பார்ப்பாரும் இல்லை. ஷேர்லி டெம்பிள் என்ற புகழ்மிக்க சிறுமியை நீங்கள் அறிவீர்கள். அவர் வளர்ந்தபின் கணக்கைப் பார்த்தபோது, தாம் ஈட்டிய சுமார் 32 இலட்சம் டொலரில் எஞ்சியிருந்தது 44 ஆயிரம் அளவே. பேசாப்படக் காலத்தில் 'பேபி பெகி' என்ற பெயரால் விளங்கிய மற்றொரு சிறுமியின் செல்வமும் அவர் வளருமுன்னரே மறைந்துபோயிற்று. அவர் முதுமையில் டயானா செரா கேரி என்ற பெயரில் எழுத்தாளராகி, பிள்ளை நடிகர்களின் வரலாற்றையும், ஜாக்கி கூகனின் வாழ்க்கையையும் நூல்களாக எழுதி, 2020இல் 101ஆவது வயதிற் காலமானார்.

இந்த இடைவெளிகள் அடைபட அறுபது ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளையின் வருவாய் பிள்ளைக்கே உரியது. மொத்த வருவாயில் நூற்றுக்கு 15 பங்கு, பிள்ளையின் பெயரிலுள்ள நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில் இடப்படுதல் வேண்டும். பெற்றோர் அதனைத் தொட முடியாது. கலிபோர்னியாவிற் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே ஆசிரியர் ஒருவர் இருந்து பாடமும் சொல்லி, பிள்ளையின் நலனையும் கவனிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த விதி மனநிறைவு தருகிறது.

இனி ஜாக்கியின் கதைக்கு மீள்வோம். பணம் போனதோடு அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. 1941இல் அவர் இராணுவத்திற் சேர்ந்தார். முன்பே விமானம் ஓட்டப் பழகியிருந்தமையால், இயந்திரமின்றி மிதந்து இறங்கும் கிளைடர் விமானங்களை ஓட்டும் பிரிவுக்கு மாறினார். 1943இன் இறுதியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1944 மார்ச் 5ஆந் திகதி இரவு, ஜெனரல் விங்கேற்றின் படையினரைக் கிளைடரில் ஏற்றிக்கொண்டு, யப்பானியப் படைகளுக்குப் பின்னால் நூறு மைல் தொலைவில், பர்மாக் காட்டிலிருந்த ஒரு வெளியில் இறக்கினார். அன்றிரவு பல கிளைடர்கள் நொறுங்கின, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அந்தப் போர்முனைக்குப் பொறுப்பாயிருந்த தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அடுத்த மாதமே நமது கண்டி நகருக்கு இடம் மாறியது என்பதை வரலாறு கற்றோர் அறிவர். கைகளை நீட்டி அழுத சிறுவன், இருளில், இயந்திரமற்ற விமானத்தைக் காட்டில் இறக்கும் மனத்திண்மை பெற்றிருந்தார்.

போருக்குப் பின் கிடைத்த சிறு பங்குகளை ஏற்று நடித்தார். 1964 முதல் 1966 வரை 'த அடம்ஸ் ஃபமிலி' என்ற தொலைக்காட்சித் தொடரில், மொட்டைத்தலையும் பருத்த உடலுமாக, ஃபெஸ்ரர் மாமனாக வந்து புதிய தலைமுறைப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். அந்தப் பிள்ளைகளுட் பெரும்பாலோர், இவரே உலகத்தை அழவைத்த அந்தச் சிறுவன் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். 1972இல், இருபது ஆண்டுகளின் பின் சாப்ளின் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தபோது, கிழவராகிய நாடோடியும் நரைத்த சிறுவனும் மீண்டும் சந்தித்துக்கொண்டனர். 1984 மார்ச் முதலாந் திகதி, 69ஆவது வயதில், ஜாக்கி கூகன் மாரடைப்பினாற் காலமானார்.

நேயர்களே, இவ்வரலாற்றைப் பழங்கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அன்று ஒரு பிள்ளையைப் படம் பிடிக்க ஒரு படப்பிடிப்பு நிலையமும், ஒரு நிறுவனமும், ஓர் ஒப்பந்தமும் தேவைப்பட்டன. இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். பிள்ளை சிரித்தாலும், அழுதாலும், நோயுற்றுக் கிடந்தாலும் அதனைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டிப் பணம் ஈட்டும் குடும்பங்கள் பல நாடுகளில் உள்ளன. முன்பு தந்தையும் முதலாளியும் இருவேறு ஆட்கள். இப்போது ஒருவரே இரண்டுமாகிவிட்டார். இதனையுணர்ந்து பிரான்ஸ் 2020இற் சட்டம் செய்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2024 ஜூலை முதலும், கூகன் சட்டம் பிறந்த கலிபோர்னியாவில் 2025 சனவரி முதலும், இத்தகைய பிள்ளைகளுக்காகவும் பணம் ஒதுக்கிவைக்கும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன.

சட்டம் பணத்தைக் காக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் விளையாட்டு நேரத்தை, படிப்பை, தனிமையை, அழ விரும்பாதபோது அழாதிருக்கும் உரிமையைக் காக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. பிள்ளையின் திறமை பெற்றோருக்குக் கிடைத்த வருமானமன்று; பிள்ளை வளரும்வரை அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அடைக்கலப் பொருளைச் செலவழிப்பது எவ்வளவு தவறு என்பதை நம்மவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று ஐந்து வயதில் ஜாக்கி நம்பினான். அந்த நம்பிக்கை இருபத்தொரு வயதில் உடைந்தது. அடுத்தமுறை பிள்ளைக்கு மேடையில் ஓர் இடம் கேட்டு எவரேனும் என்னிடம் வந்தால், நான் மறுக்கப்போவதில்லை. பிள்ளையையும் உடன் அழைத்துவரச் சொல்லி, "தம்பி, உனக்கு விருப்பமா?" என்று முதலில் அவனிடம் கேட்பேன்.